இளைய வாசகியும் இக்கால இலக்கியமும்

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று ஐயுறுவோர் இந்த அவையில் சிலர் இருத்தல் கூடும். அவர்களைக் குறைகூற மாட்டேன். நான் புலவர் பட்டம் பெற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் கல்வி முடிந்தது. தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானதால், அந்த வேலையின் பொருட்டு ரயில்வேக்குள் வந்தவன். மூட்டைகளை எடைபோட்டு, அவை சேரவேண்டிய ஊரையும் அவற்றுக்குரிய கட்டணத்தையும் எழுதுவது என் தொழில். ஆயினும் பார்சல் குமாஸ்தாவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. மூட்டையின்மேல் எழுதி ஒட்டியிருப்பதை மட்டும் அவன் நம்புவதில்லை. தராசில் ஏற்றிப் பார்த்த பின்பே கையெழுத்திடுவான். நூல்களையும் அவ்வாறே பார்க்கலாம் என்னும் ஒரே துணிவில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘இக்கால இலக்கியம்’ என்பது. அது கடல். நான் ஒரு குடம் மட்டும் மொண்டுவந்திருக்கிறேன். பதினேழு வயது நிரம்பிய என் மூத்த மகள் சென்ற இரண்டு ஆண்டுகளில் நம் சங்கத்து அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த சில கதைகள், சில கவிதைகள். அவற்றைப் படித்துவிட்டு அவள் சொன்ன சொற்கள். இவ்வளவே என் பேச்சு. வீட்டுப் பெருமையைப் பேச மேடை ஏறினான் என்று நினைக்க வேண்டா. காரணம் இருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில், நூல்கள் வாங்குவதற்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையை நிறுத்தி, அதனை விழாச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்ததை நீங்கள் அறிவீர்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, அலமாரியைத் திறந்து படிப்பார் எவரும் இல்லை. மற்றொன்று, இக்காலத்து நூல்கள் இளையோர் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல, படித்தால் கெட்டுப்போவார்கள். படிப்பார் எவரும் இல்லையென்றால் கெட்டுப்போவார் யார் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்று நேரம் கடந்துவிட்டபடியால் எழுந்து கேட்கவில்லை. இன்று கேட்டுவிட்டேன்.

நிற்க. இந்த அஜ்னிப் பகுதியில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் எப்படிப்பட்டது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், கடைத்தெருவில் மராட்டி, தமிழ் என்பது சமையற்கட்டிலும் பாட்டியின் கட்டிலருகிலும் மட்டும் வழங்குவது. காதுக்குத் தமிழ் வரும், கண்ணுக்கு வராது. என் மகள் நம் ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கற்றவள். பதினைந்தாவது வயதிலும் எழுத்துக்கூட்டியே படித்தாள். முந்நூறு பக்க நாவலை அவள் முன் வைத்தால் மலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்போதுதான் கல்யாண்ஜியின் கவிதைத் தொகுதி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. வண்ணதாசன் என்ற பெயரில் கதை எழுதி, 2016-இல் ‘ஒரு சிறு இசை’ என்னும் சிறுகதைத் தொகுதிக்காக சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றாரே, அவர் கவிதைக்குக் கொண்ட பெயர்தான் கல்யாண்ஜி.

யாப்பில்லாத கவிதை கவிதையே அன்று என்று கூறும் பெரியோர் இன்றும் உளர். சி. சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த நாளிலிருந்தே நடந்துவரும் வழக்கு அது. அதில் தீர்ப்புக் கூற எனக்குப் புலமை இல்லை. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். எட்டு வரியில் முடிகின்ற கவிதையை, எழுத்துக்கூட்டிப் படிக்கின்ற பிள்ளையும் படுக்கப் போகும் முன் முடித்துவிடலாம். முடித்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சி அடுத்ததைத் திருப்பச் செய்கிறது. விரைந்து படிக்க வல்லவர்களாகிய நாம் வரியைத் தாண்டித் தாண்டிப் போகிறோம்; அவளால் தாண்ட முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும். கவிதை கேட்பதும் அதுதானே! கற்றவர்களைக் காட்டிலும் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளே புதுக்கவிதைக்கு ஏற்ற வாசகர்கள் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பிடித்த கவிதையைத் தமிழில் பெயர்த்தெழுதிக்கொள்வாள். பக்கத்தில் தன் கருத்தை எழுதுவாள். மொழி தமிழ், எழுத்து தேவநாகரி. அதில்தான் கை ஓடுமாம். ஒரு நாள் அவள் அனுமதியோடு எடுத்துப் பார்த்தேன். ஒரு கவிதைக்கு எதிரே, “இதில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நானும் இதைப் பார்த்திருக்கிறேன், சொல்லவில்லை” என்றிருந்தது. மற்றொன்றுக்கு எதிரே, “புரியவில்லை, நாளைக்கு” என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு அடியில் வேறு மையில், வேறொரு நாளில், “இன்றும் இல்லை” என்றிருந்தது. பொருளுரை எழுதித் தருகிறேன் என்று யாரும் முன்வராததே நல்லதாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’. 2000-இல் வந்த தொகுதி. துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா சிறுமியாய் இருக்கையிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டார் அறியாமல் எழுதியவர். பின்னர் 2001-இல் தம் ஊரின் பேரூராட்சித் தலைவராகவும், 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனவர். இந்த வரலாற்றை என் மகள் கைப்பேசியில் தேடி அறிந்துகொண்டு என்னிடம் வந்தாள். கவிதையைப் பற்றிச் சொல்வாள் என்று இருந்தேன். “அப்பா, உங்களையும் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் அல்லவா?” என்று கேட்டாள். நான் நிறுத்தப்பட்டவன் அல்லேன், வேலைக்கு வந்தவன். இரண்டும் ஒன்றல்ல என்றேன். வெளியே எவரும் கதவைப் பூட்டவில்லை. சம்பளம் வந்தது, தங்கையரை மணம் செய்து கொடுத்தேன் என்று விளக்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆசை இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்” என்றாள். இருபத்தைந்து ஆண்டுகளாக என்னை எவரும் கேட்டிராத கேள்வி அது. விடையை இங்கே சொல்லவேண்டிய தேவையில்லை, அவளிடம் சொன்னேன்.

இனி நாவலுக்கு வருகிறேன். அவள் முழுதாகப் படித்து முடித்த முதல் தமிழ் நாவல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994-இல் வெளிவந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியம் என்னும் பெண்ணின் கதை. வீடு வீடாகச் சென்று அழுக்கெடுப்பதும், இரவில் சோறு எடுப்பதும், களத்துமேட்டில் தானியத்துக்குக் காத்து நிற்பதும், அந்தப் பிழைப்பும் காலப்போக்கில் நழுவிப்போவதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. விருத்தாசலம் வட்டாரத்துப் பேச்சு மொழி. என் தாயார் பிறந்ததும் அந்தப் பக்கத்துச் சிற்றூரே. ஆகவே தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் மகள் பாட்டியிடம் ஓடினாள். “வெள்ளாவி என்றால் என்ன?” என்று ஒரு நாள் கேட்டாள். உவர்மண்ணில் நனைத்த துணிகளைப் பானைமேல் அடுக்கி ஆவியில் வேகவைக்கும் முறையை அம்மா கையால் காட்டி விவரித்தார். அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பல ஆண்டுகள் ஆயின. மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்கள் வீட்டுக்குத் துணி வெளுத்த அம்மாவின் பெயர் என்ன, பாட்டி?” என்றாள்.

பாட்டிக்குப் பெயர் வரவில்லை. அந்தப் பெண்மணியின் நடை நினைவிருந்தது. இடுப்பில் மூட்டை இருக்கும் கோலம் நினைவிருந்தது. தன் பேறுகாலத்துத் துணிகளை அவரே எடுத்துப்போனது நினைவிருந்தது. வீட்டில் அவரை அழைத்ததோ சாதிப் பெயரால். சிறுவர்கள் கூட அப்படித்தான் அழைத்தார்களாம். “அவருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்குமே” என்றாள் பேத்தி. குற்றம் சாட்டும் குரலில் அன்று, வெறும் வியப்போடு. அன்றிரவு அம்மா சரியாக உண்ணவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பணிக்குப் புறப்படும் நேரத்தில், உள்ளேயிருந்து உரக்க ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை என் மகள் நாவலின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள். சங்கத்துப் புத்தகத்தில் எழுதலாகாது என்பது விதி. பொறுப்பாளர் இவ்வொன்றை மன்னிப்பாராக.

அன்பர்களே! படித்தவர் கெட்டுப்போவார் என்று சொன்ன நண்பர்கள் இதனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அவர்களுள் ஒருவர், என்பால் மிக்க அன்புடையவர், “நல்லொழுக்கம் புகட்டும் நூல்களுக்குத் தமிழில் பஞ்சமா? மு. வ.வைக் கொடுங்களேன்” என்றார். கொடுத்தேன். 1961-இல் அகாதெமிப் பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ என் தந்தையார் வைத்துவிட்டுப் போன நூல்களுள் ஒன்று. எனக்குத் தெளிந்த உரைநடை இன்னதென்று கற்பித்ததே அதுதான். அழகும் அறிவும் வாய்ந்த சந்திரன் நிலைகெட்டு அழிவதையும், அமைதியான வேலய்யன் நின்று எரிவதையும் படித்து நான் ஒரு காலத்தில் கண்ணீர் விட்டிருக்கிறேன். மகளும் பொறுமையாகப் படித்தாள். “நன்றாக இருக்கிறது. ஆனால் நான் என்ன நினைக்கவேண்டும் என்பதையும் அவரே நினைத்துவிடுகிறார்” என்றாள். எனக்குச் சற்று வருத்தமே. இன்றளவும் அவள் சொன்னதை முழுதும் ஒப்ப மாட்டேன். எனினும் அவள் கேட்கும் இடம் எது என்பது புரிந்தது. படிப்பவருக்கென்று ஓர் இடத்தை ஒழித்துவைக்கும் நூலை அவள் தேடுகிறாள்.

இக்காலத்து நூல் என்பதற்காக எல்லாவற்றையும் அவள் கொண்டாடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆதவனுடைய ‘காகித மலர்கள்’ தில்லித் தமிழ்க் குடும்பத்தின் கதை. 1977-இல் நூலாக வந்தது. ஆதவன் தாமும் தில்லியில் வளர்ந்தவர். சில காலம் ரயில்வேயில் பணியாற்றியவர். ஆகையால் நம்மவர் என்னும் பாசத்தோடு நான் அதனை எடுத்துக் கொடுத்தேன். பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “எல்லாரும் கண்ணாடி முன் நின்றுகொண்டே பேசுகிறார்கள். வகுப்பில் என்னோடு இருப்பவர்களும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தும் அதையே படிக்கவேண்டுமா?” என்றாள். இதைவிடச் செறிவான மதிப்புரையை நான் படித்ததில்லை. அவள் அதனைக் குறையாகச் சொன்னாள், எனக்கு அது நாவலின் வெற்றியாகப் பட்டது. இருவரும் ஒரு வாரம் வாதிட்டோம்.

நம் போன்றோர்க்கென்றே எழுதப்பட்டது போன்ற நாவல் ஒன்று உண்டு. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. அதுவும் 1977-இல் வந்ததே. அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தார், தந்தை மறைந்த பின் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார், 2017-இல் காலமானார். நாவலின் நாயகன் சந்திரசேகரனும் ரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன்தான். கிரிக்கெட்டு ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், வீட்டு மாட்டையும் கவனிக்கிறான். வெளியே நிஜாமின் அரசு இந்தியாவோடு சேர்வதா, தனித்து நிற்பதா என்னும் பூசல் வலுக்கிறது. ரஜாக்கர்களின் கை ஓங்குகிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை புகுகிறது. இவற்றுள் எதுவும் தன் செயல் அன்று என்னும் நிலையில் நிற்கும் வெளியூர்க்காரப் பையன், மெல்ல மெல்ல அதற்குள் இழுக்கப்படுகிறான்.

என் மகள் முதலில் செய்தது நிலப்படத்தை விரித்ததுதான். நாகபுரி 21-ஆம் அட்சக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது என்று கண்டு, தனக்கும் ஒரு நாவலுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது என்று சிரித்தாள். பிறகு சில நாள் சிரிப்பில்லை. “அவன் வீடு இருக்கிற தெரு அவனுடையதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை, அப்பா. என்னையும் ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்கிறார்கள். இங்கேதான் பிறந்தேன் என்றால், ‘அது சரி, எந்த ஊர்?’ என்று மறுபடியும் கேட்கிறார்கள். ஊருக்குப் போனாலோ ‘நாகபுரிப் பெண்’ என்கிறார்கள்” என்றாள். இந்தச் சொற்களை நம் பிள்ளைகள் எல்லாருமே எந்த மொழியிலோ தமக்குள் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தாம். நம்மிடம் சொல்வதற்கு அவளுக்கு ஒரு சந்திரசேகரன் வேண்டியிருந்தது.

அந்த நாவலின் கடைசிப் பக்கங்களைக் குறித்துத்தான் பொதுக்குழுவில் ஆட்சேபம் எழுந்தது. கலவரத்துக்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் ஏழைக் குடும்பம் ஒன்றில், தன்னவரைக் காப்பாற்றுவதற்காக ஓர் இளம்பெண் தன்னையே விலையாகக் கொடுக்க முன்வருகிறாள். சந்திரசேகரன் கூசிக் குலைந்து ஓடுகிறான். அப்பக்கத்தை மட்டும் பிரித்து வாசித்தால் எவருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். தொடக்கத்திலிருந்து படித்துவந்தவர்க்குச் சங்கடமாக இராது, வெட்கமாக இருக்கும். இரண்டும் வேறு. மகள் அதனைப் படித்தாள் என்று அறிந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்: “அவன் ஓடிவிட்டான். ஓடுவதற்கு அவனுக்கு இடம் இருந்தது. அந்தப் பெண் எங்கே ஓடுவாள்?” ஆட்சேபித்த அன்பரிடம் நான் கேட்பது இதுதான்: பதினேழு வயதுப் பெண் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது இக்கேள்வியென்றால், அதிலிருந்து அவளை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். கதை படிக்கும் பிள்ளையிடம் நாம் “கதாசிரியர் என்ன சொல்ல வருகிறார்?” என்று கேட்கிறோம். அது தேர்வுத்தாள் கேள்வி. அதற்குப் பிள்ளை நமக்கு உகந்த விடையைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். “உனக்கு எங்கே தைத்தது?” என்று கேட்டால் வேறு விடை வரும். அது தவறான விடையாகக் கூட இருக்கலாம். ஆனால் அது அந்தப் பிள்ளையினுடையது. ஞாயிறு வகுப்பில் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாகாதா என்று வகுப்பு நடத்தும் சகோதரியாரைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வரிசையில் இரண்டு பையன்கள் இப்போது மகளிடம் வந்து கவிதைப் புத்தகம் கேட்கிறார்கள். அவர்களுள் ஒருவன் தமிழ் எழுத்தே அறியாதவன்; அவள் வாசிக்க, அவன் கேட்கிறான். அதுவும் படிப்புத்தான்.

நூல் வாங்க ஆகும் செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டா. சி. சு. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் என்பது இலக்கிய உலகம் அறிந்தது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. சென்னை சென்ட்ரலில் ஏற்றினால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. விடுமுறைக்குப் போய்த் திரும்பும் குடும்பம் ஒவ்வொன்றும் அப்பளக் கட்டோடு ஒரு புத்தகம் கொண்டுவரட்டும் என்பது என் விண்ணப்பம். எது வாங்குவது என்று ஐயம் இருந்தால் பிள்ளைகளிடம் கேளுங்கள். இப்போது அவர்களிடம் பட்டியல் இருக்கிறது.

கடைசியாக, அலமாரியில் இல்லையென்று பொறுப்பாளர் தேடிக்கொண்டிருக்கும் ஒரு நூலைப் பற்றித் தகவல் தரவேண்டும். அது அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. 1988-இல் வந்த சிறுகதைத் தொகுதி. தலைப்புக் கதையில் ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்று வருகிறது. அறைகள் பல, சமையலறை மட்டும் ஒரு மூலையில், போதிய வசதியின்றி. தென்னாட்டிலிருந்து சென்ற மருமகள் அதனைச் சற்றுச் செப்பனிடலாமே என்று சொல்கிறாள். குடும்பத் தலைவருக்கு அந்தப் பேச்சே பிடிபடவில்லை. மகள் இதனைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையற்கட்டை அளந்தாள். ஆறடிக்கு எட்டடி. “அம்மா, இந்த ஜன்னலில் நின்றால் உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டாள். என் மனைவி திரும்பியும் பாராமல், “பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி” என்றாள். “எத்தனை வருஷமாக?” “நீ பிறப்பதற்கு முன்பிருந்து.” இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பின், கதைப் புத்தகம் என்றால் காததூரம் போகும் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, “அது என்ன புத்தகம், கொண்டா பார்ப்போம்” என்றாள்.

அந்த நூல் அவளிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர இன்னும் பத்து நாள் ஆகும் என்று பொறுப்பாளரிடம் தெரிவிக்கும்படி எனக்கு உத்தரவு.